ஆயுத பூசையன்று பிடுங்கிய வயர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், மெல்லச் சொல்ல வேண்டிய கதை இது. தானாகவே எழுந்துகொண்ட ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பேய்க் கதை என்று பயப்பட வேண்டாம். பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று கடைசியில் உங்களுக்குத் தோன்றலாம். இன்னும் வராத காலத்தில் நடக்கிற கதைதான். ஆனால் அந்தக் காலம் ரொம்பத் தொலைவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம், இரும்பு கடைகிற லேத்துப் பட்டறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தெரு. அங்கே வசந்தாமணி என்று ஒருத்தியும் அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமியும் இருந்தார்கள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. ஆறுச்சாமி பேச்சுக்காரர். லேத்து ஓடுகிற இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசி, சும்மா இருக்கும்போதும் அதே சத்தத்தில்தான் பேசுவார். டீக்கடையில் அவர் ஒரு கதையை ஆரம்பித்தால் எதிர்ப் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பங்குனியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு முழுசாகப் போனது.

வாய் கோணி அதனால் பேச்சு போனது என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் வசந்தாமணிக்கு விளக்கிச் சொன்னார். வாயில் குறை பெரிதாக இல்லை. தலைக்குள்ளே சொற்களைத் தேடி எடுக்கிற இடம் அடிபட்டுவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் என்கிற சொல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் எழுதிக் காட்டவும் முடியாது. இடது கையை நீட்டி இதோ, அதோ என்று காட்டலாம், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி வந்திருந்தது. சொல்துணை என்று பெயர். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. பேச நினைக்கிறபோது தலையிலும் தொண்டையிலும் ஓடுகிற துடிப்பை அது படித்துக்கொள்ளும். அதற்கான சொல்லை எங்கேயோ தேடி எடுத்து வந்து, அவருடைய பழைய குரலிலேயே சொல்லும். அவர் செல்போனில் அனுப்பிவைத்திருந்த குரல் செய்திகளிலிருந்து அந்தக் குரலைச் செய்திருந்தார்கள். முதன்முதலாகப் பட்டை பேசியபோது ஆறுச்சாமி கேட்டது, "காப்பில சக்கரை போட்டயா இல்லியா?" என்றுதான். வசந்தாமணி சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று அழுது முடித்த பிறகுதான் சர்க்கரை போட்டாள்.

கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் நித்திலா படித்த காலத்தில் வாங்கியது. அவள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் பயன்பட்டது. பட்டை வந்த சில நாட்களில் அது தானாக எழ ஆரம்பித்தது. வசந்தாமணி முறையாக அணைத்துவிட்டுத்தான் போவாள். வெங்காயம் அரிந்துகொண்டு இருக்கும்போது கம்ப்யூட்டருக்குள் விசிறி சுழல்கிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். பல்லி எதையாவது மிதிக்கிறதோ என்று விசைப்பலகையைத் துண்டு போட்டு மூடினாள். வேறு பிளக்கில் மாற்றிச் செருகினாள். மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிக்கூடப் போட்டாள். எதற்கும் அது மசியவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தவமணியை வரச் சொன்னாள். தவமணி வீடு வீடாக ஸ்கூட்டரில் போய் வேலை செய்கிறவள். பெட்டியைக் கழற்றித் தூசியை ஊதினாள். பவர் பொத்தான் அழுந்தி நிற்கிறதா என்று பார்த்தாள். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியை மாற்றினாள். நேரம் வைத்துத் தானாக ஓடுகிற வேலைகளையெல்லாம் நிறுத்தினாள். இனிமேல் எழாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

மறுபடி வந்தவள் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அக்கா, இது பழுதே இல்லீங்க. இதை ஒருத்தர் எழுப்பறாருங்க" என்றாள்.

"யாரு?"

"பேரு காட்டாதுங்க. நம்ம மாமாவாட்டப் பேச்சு போன ஆரோ ஒருத்தரு."

வசந்தாமணிக்கு விளங்கவில்லை. தவமணி விளக்கினாள். பட்டை மட்டும் தனியாக ஒரு சொல்லையும் கண்டுபிடிக்காது. ஒரு வாக்கியம் வர வேண்டுமென்றால் பல வீடுகளில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்கள் சேர்ந்து தேடிக் கொடுக்க வேண்டும். தூரத்து ஊரிலிருந்து கொடுத்தால் நேரமாகிவிடும், பேச வந்தவர் என்ன பேச வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். அதனால் சுற்றுவட்டாரத்துக் கம்ப்யூட்டர்களைத்தான் எழுப்பும். பட்டை வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அதற்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. பட்டை வாங்காமலே நல்ல மனசோடு கொடுத்திருக்கிறவர்களும் ஊரில் நிறையப் பேர். பட்டறைகளில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் பாதிக்கு மேல் இதில் சேர்ந்திருந்தன.

"அப்ப இவுரு பேசற பேச்சு?"

"அது வேற ஆரு ஆரு வூட்லருந்தோ வருதுங்க்கா. இங்கிருந்து போறது வேற ஒருத்தருக்கு."

நிறுத்த வழியே இல்லையா என்று கேட்டாள் வசந்தாமணி. வயரைப் பிடுங்கினால் நிற்கும் என்றாள் தவமணி. ஒரு வீடு நின்றால் வேறு வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து பார்த்துக்கொள்ளும், ஆனாலும் பிடுங்காமல் இருப்பது நல்லது என்றாள்.

அதுவரை நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் பட்டை பேசியது. "உடு வசந்தா. ஊட்டுக்கு விருந்தாளி வந்துருக்கறாரு. தண்ணி கூடக் கேக்காத விருந்தாளி."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். கூடத்தில் விசிறிச் சத்தம் கேட்டால், "எந்திரிச்சுட்டாரு பாரு" என்பார். காலையில் சுருக்கமாக ஓடி நின்றால் அவர் காப்பி கேட்டிருக்கிறார். சாப்பாட்டு வேளையில் விட்டுவிட்டு ஓடினால் குழம்பைக் குறை சொல்கிறார். பொழுதுசாய நீளமாக ஓடினால் வெளியூரில் இருக்கிற மகனோடு போனில் பேசுகிறார். இப்படி ஒரு மனிதரையே செய்துவைத்துக்கொண்டார். சில சமயம் அது ஆண்தானா என்று சந்தேகம் வரும். ஒரு நாள் விசிறி நிற்காமல் வெகுநேரம் சுற்றியபோது, "பொம்பளையாத்தான் இருக்கோணும்" என்றார். வசந்தாமணி கரண்டியைக் காட்டினாள். அவர் பாதி வாயால் சிரித்தார்.

ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி சொன்னார். "ஒரு வார்த்தை கெடைக்காம உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது அம்மிணி. நம்ம பொட்டி அவருக்கு அதை எடுத்துக் குடுக்குதுன்னா, நான் இன்னும் வேலை செய்யறேன்னு அர்த்தம்." லேத்து ஓட்ட முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார். வசந்தாமணி அதைக் கேட்டாள். ஆனால் உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பெரிதாக மனதில் வாங்கவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம் ஆயுத பூசை வந்தது. அந்தத் தெருவில் ஆயுத பூசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லேத்துகளைத் துடைத்து எண்ணெய் பூசி, ஸ்பேனர் முதல் திருப்புளி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு அதற்கும் ஒரு பொட்டு. பொரியும் கடலையும் வெல்லமும் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. வருசம் பூராவும் உழைத்ததற்கு அது ஒரு நாள் ஓய்வு. ஆறுச்சாமி இதில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருசம் வேலையாள் ஒருவன் சைக்கிள் செயின் மாட்ட ஸ்பேனரை எடுத்தான் என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டவர்.

இந்த வருசம் அவரால் எதையும் தொட்டுச் செய்ய முடியாது. ஒரு குறையும் இல்லாமல் நாம் செய்துகாட்ட வேண்டும் என்று வசந்தாமணி முடிவு செய்தாள். முந்தின நாளே பட்டறையைக் கழுவினாள். விடிந்ததும் மாலை கட்டினாள். ஒரே ஒரு கவலைதான் அவளுக்கு. பூசை நாளில் கூடத்துக் கம்ப்யூட்டர் தானாக எழுந்து ஓடினால்? பக்கத்துப் பட்டறை மல்லிகாவுக்கும் அதே கவலை. மெயினை இறக்கினாலும் இந்தக் கம்ப்யூட்டர் தனி யூபிஎஸ் பேட்டரியில் ஓடுமே, சாமி கும்பிடுகிற நேரத்தில் எழுந்தால் அபசகுனமாக இருக்காதா என்று கேட்டாள். வசந்தாமணி, வயரைப் பிடுங்கிவிடுங்கள், ஒன்றும் ஆகாது, வேறு வீட்டில் இருக்கிறது பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாள். மல்லிகா அதை அப்படியே தெருக்காரர்களுக்குச் செய்தியாக அனுப்பினாள். அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் பட்டறை இல்லாத தெருவே குறைச்சல்.

ஆறுச்சாமி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் வயரைப் பிடுங்கினாள். சுருட்டி வைத்து, கம்ப்யூட்டரைத் துடைத்து, நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் பொட்டு வைத்துப் பூச்சரம் போட்டாள்.

அவரை வேட்டி கட்டிக் கூட்டிவந்து உட்காரவைத்தபோது, "வசந்தா..." என்றது பட்டை. வெகுநேரம் கழித்து, "மாலை..." என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. ஊரில் ஒவ்வொரு வயராகக் கழன்றுகொண்டிருந்தது. பட்டறையை நினைத்து அவருக்குத் தொண்டை அடைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பூசையின் நடுவில் அவர் இடது கையை நீட்டிக் கம்ப்யூட்டரைக் காட்டினார். பூ சரிந்திருக்கிறது போல என்று போய்ச் சரிசெய்தாள். மறுபடி காட்டினார். தீபம் காட்டச் சொல்கிறார் என்று கற்பூரத் தட்டைக் கொண்டுபோய் அதற்கும் சுற்றினாள். அவர் தலையை வேகமாக ஆட்டினார். பொரியைக் கையில் கொடுத்தாள். தள்ளிவிட்டார். பொரி தரையெல்லாம் சிதறியது. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்து இழுத்துச் சுவரோரம் கிடந்த வயரை நோக்கி நடந்தார். அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கி அதைத் தொடக் கூடாதுங்க. நீங்கதான சொல்லுவீங்க" என்றாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். வாய் அசைந்தது. பட்டை பேசவில்லை. பட்டை நின்றுபோயிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு லேசாக உறைத்தது. தவமணிக்குப் போன் போட்டாள். தவமணி குலதெய்வம் கோயிலில் இருந்தாள். கூட்டத்தின் சத்தத்தில் பாதி கேட்டுப் பாதி கேட்காமல், இன்றைக்கு எங்குமே கம்ப்யூட்டர் ஓடாதுங்க்கா, நாளைக்குக் காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். ஒரு நாள்தானே என்று வசந்தாமணி மனதைத் தேற்றிக்கொண்டாள். தன் வீட்டு வயரைப் பற்றி அவளுக்கு அப்போதும் நினைப்பு வரவில்லை.

மதியம் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு கையால் கும்பிடுகிறவர் அப்படித்தானே வைப்பார். பாயசம் ஆற வைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது கண் மூடியிருந்தார். எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்சு வந்தது, ஆஸ்பத்திரி போனார்கள், திரும்பி வந்தார்கள். இருதயம் என்றார்கள். காலையிலேயே வலி ஆரம்பித்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார்கள்.

மறுநாள் விசயதசமி. ஓசூரிலிருந்து நித்திலா வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். குளிப்பாட்டும்போது கழற்றிய பட்டையை யாரோ அலமாரி மேல் வைத்திருந்தார்கள். வெளியே தெருவில், சாவு வீட்டுக்காக மேளம் இல்லாமல், பட்டறைகளை நல்ல நேரம் பார்த்து மெல்லத் திறந்துகொண்டிருந்தார்கள். மெயின்களை ஏற்றினார்கள். வயர்களைச் செருகினார்கள். பெண்கள் வசந்தாமணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அலமாரி மேலிருந்து ஆறுச்சாமி பேசினார்.

"வசந்தா. அந்த வயரைச் சொருவு."

அழுகை அப்படியே நின்றுபோனது. ஒரு பெண் எழுந்து வாசலுக்கு ஓடினாள். வசந்தாமணி மட்டும் அசையவில்லை.

"நமக்கில்ல. அவருக்கு. நம்ம பொட்டில பேசறாரே, அவருக்கு."

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி வந்தது. "பூவு செரியாத்தான் இருக்குது. வயரு. வயரைப் பாரு."

"எனக்கே வார்த்தை வர மாட்டீங்குது. எல்லாரும் புடுங்கிட்டாங்களாட்ட இருக்குது. நம்முளுது ஒண்ணாச்சும் ஓடோணும் அம்மிணி."

"பொரி வேண்டாம்."

"கருவிக்கு லீவு உடலாம். இது கருவியில்ல, ஒருத்தரோட பேச்சு."

அதன்பின் வெகுநேரம் மௌனம். முடிந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்டபோது, தணிந்த குரலில், அவர் வாழ்நாளில் அவ்வளவு தணிந்து பேசியதே இல்லை, கடைசியாக வந்தது.

"நெஞ்சு ஒருமாதிரி இருக்குது. செரி, பரவால்ல. பயந்துக்காத. நீ பாயசத்தைப் பாரு."

நித்திலா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி பிணத்துப் பக்கத்திலிருந்து எழுந்தாள். கூடத்துக்குப் போனாள். காய்ந்த பூச்சரத்தைக் கூட எடுக்காமல், கீழே உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த வயரைப் பிரித்துச் செருகினாள். அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். சுடுகாட்டுக்கு எடுக்க நேரமாகிறது என்று வந்து கூப்பிடுகிற வரைக்கும் அந்தத் திரையின் முன்னால்தான் இருந்தாள். அது எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தவமணியை வரச் சொன்னாள். அந்தப் பெண் உள்ளே வந்ததும் காலில் விழப் போனாள். வசந்தாமணி பிடித்து நிறுத்தினாள். அழுவதற்காக உன்னைக் கூப்பிடவில்லை, இது தானாக எழமாட்டேன் என்கிறது, பழுது பார்த்துக் கொடு என்றாள்.

தவமணி பார்த்தாள். பட்டை அன்றைக்குப் பூராவும் அவர் சொல்ல நினைத்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது, தேடிக் கொடுக்கத்தான் ஊரில் கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்லாமல் தயங்கினாள்.

"சொல்லு கண்ணு."

"பழுது இல்லீங்க்கா. பட்டைல மிச்சமிருந்த பேச்சு வந்து முடிஞ்சதும் மாமா பேருல இருந்த கணக்கை மூடிட்டாங்க. அவரு போயிட்டாருன்னு ஆஸ்பத்திரிலருந்தே தகவல் போயிருக்குது. கணக்கு மூடினா இதையும் எழுப்ப மாட்டாங்க."

"இதுல பேசிட்டு இருந்தவரு? அன்னிக்கி அவருக்கு என்னாச்சு?"

"தெரியாதுங்க்கா. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க."

வசந்தாமணி, என் பெயரில் சேர்த்துவிடு என்றாள். எனக்குப் பட்டை வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கொடுக்க மட்டும் கொடுக்கிறேன் என்றாள். தவமணி தன் போனிலிருந்தே சேர்த்தாள். ஆனால் முன்பு எழுப்பின அதே மனிதர்தான் எழுப்புவாரா என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. அவர் இன்னும் பேசிக்கொண்டு இருக்கிறாரா என்பதற்கும் இல்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாள், மாவரைக்கிற வேலை, பூக்கட்டுகிற வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வசந்தாமணி தெருவில் இறங்கினாள். பொட்டில்லாத நெற்றியோடு பூசை வீட்டுப் படியேறக் கூடாதென்று, ஒவ்வொரு பட்டறை வாசலிலும் தெருவிலேயே நின்று பேசினாள். சந்தனம் வையுங்கள், பூப் போடுங்கள், கும்பிடுங்கள், அந்த ஒரு வயரை மட்டும் பிடுங்காதீர்கள் என்றாள். சிலர் சரி என்றார்கள். சிலர் அவள் மனசு சரியில்லை என்று நினைத்துத் தலையாட்டினார்கள். மல்லிகா வீட்டுக்காரர் கதிர்வேலு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நல்ல மனிதர், கண்டிப்புக்காரர்.

"ஏனுங்க்கா, அண்ணனே இருந்தாருன்னா பூசையன்னிக்கிக் கருவி ஓட உடுவாரா?" என்று கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. "உங்கண்ணன் சொன்னதைத்தானுங்க சொல்றேன். என்ன, நான் ஒரு நாள் கழிச்சுத்தான் கேட்டேன்" என்றாள்.

மல்லிகா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். கதிர்வேலுவே வாசலுக்கு இறங்கி வந்து, உள்ளே வந்து உட்காருங்க்கா, தெருவுல நிக்காதீங்க என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மறுநாள் அவர் பட்டறையில் லேத்துக்குப் பொட்டு இருந்தது, மெயினுக்குப் பொட்டு இருந்தது, கம்ப்யூட்டருக்கும் இருந்தது. வயர் அதன் இடத்தில் இருந்தது. அன்று ஊருக்குள் எங்கேயோ யாரோ ஒருவர் காப்பிக்குச் சர்க்கரை கேட்டிருப்பார். யார் என்று வசந்தாமணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவ்வளவுதான் கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் சொல்ல நினைக்கிறது எதுவும் உள்ளேயே தங்கிப்போகாமல் இருக்கட்டும். வலிக்கிறது என்கிற சொல் வலிக்கிறபோதே உங்கள் காதுக்கு வந்து சேரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் கூடத்தில் பேச்சு ஓயாமல், பிள்ளை குட்டிகளோடு, உங்களுக்குத் தெரியாத நாலு பேருக்கும் துணையாக, நூறு வருசம் நல்லா இருங்கள்.